கியர் உள்ள கார்தான் வேணும்

உவர்மலை ஏற்றத்தின் நடுவில் எங்கள் புதுக் கார் பின்பக்கமாக வழுக்கிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடம் விட்ட நேரம். தார் உருகுகிற வெயில். எனக்குப் பின்னால் பிள்ளைகள் நிறைந்த ஒரு ஸ்கூல் வான், அதற்குப் பின்னால் இரண்டு ஓட்டோ. அன்று காலைதான் நான் உராய்வு பற்றிப் படிப்பித்த பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் றோட்டோரத்தில் குடைக்குக் கீழே நின்று வேடிக்கை பார்த்தார்கள். உதாரணம் கேட்டவர்களுக்கு உதாரணம் கிடைத்தது.

"கிளச்சை விடும்!" என்றார் இடப்பக்கம் இருந்த என் கணவர். அதே மூச்சில், "கிளச்சை விடாதையும்!" என்றார்.

இரண்டையும் செய்தேன். கார் ஒருமுறை விக்கியது, குதித்தது, எஞ்சின் நூர்ந்து அணைந்துபோனது. கருகின மணம் ஒன்று காருக்குள் நிறைந்தது.

"முப்பது வருசமாப் படிப்பிக்கிறீர். உம்மால ஒரு கிளச்சைப் படிக்க ஏலாமக் கிடக்கு."

பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டேன். இரண்டு காலும் ஒரு கையும் வேலையில் இருக்கும்போது வாயையும் வேலை வாங்க ஏலாது.

ஏற்றத்தின் அடியில் ஓட்டோ நிறுத்துமிடம் இருக்கிறது. அங்கே நிற்கும் கிண்ணியாக்காரர் நஸீர் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்து, பின் ரயருக்கு அண்டையாக வைத்தார். பிறகு என் கண்ணாடிப் பக்கம் குனிந்தார்.

"டீச்சர், ஹாண்ட் பிரேக்க இழுத்துப் புடிங்க. முதல் கியரப் போட்டு, கிளச்ச மெல்ல மெல்ல விடுங்க. கார் மூக்கத் தூக்கும். தூக்கினாப் பிறகுதான் பிரேக்க இறக்கணும்."

மூக்கைத் தூக்கியது. பிரேக்கை இறக்கினேன். கார் ஏறியது. வானுக்குள் இருந்த பிள்ளைகள் கை தட்டினார்கள்.

"உது எனக்குத் தெரியாதோ?" என்றார் கணவர். தெரிந்தால் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்தும் சொல்லாதது அது ஒன்று மட்டுமில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஆர் கேட்டது?

இந்தக் காரை நான் கேட்கவில்லை. அதைப் பதிவு செய்துவிட்டு மேலே போகிறேன்.

பதினாலு வருசம் எங்களிடம் ஒரு பழைய ஒட்டோமற்றிக் கார் இருந்தது. அதற்கு முன்னுக்குப் போகத் தெரியும், பின்னுக்குப் போகத் தெரியும், நிற்கத் தெரியும். ஒரு வாகனத்திடம் இதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பது? என் இடக்கால் பதினாலு வருசமும் கால்மிதியில் சும்மா சாய்ந்திருந்தது. அந்தக் கால் செய்யாத வேலைக்காக யாரும் அதைக் குறை சொன்னதில்லை.

அந்தக் கார் ஒரு நாள் நிலாவெளி றோட்டில் முனகிவிட்டுச் செத்துப்போனது. இறக்குமதித் தடை நீங்கி, நாட்டுக்குள் புதுக் கார்களை மறுபடி விடத் தொடங்கியிருந்த காலம். கணவர் யோகன் புதுக் கார் விற்கும் இடத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கூட்டிக்கொண்டு போனது ஆலோசனை கேட்க அல்ல. பார்த்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் தேவைப்பட்டது.

"கியர் உள்ள கார்தான் வேணும்."

அங்கே நின்ற கழுத்துப்பட்டிக்காரத் தம்பி சிரித்தார். "சேர், இப்ப ஆரும் மனுவல் கேக்கிறேல்ல. மெடத்துக்கும் ஓட்டக் கஸ்டமா இருக்கும்."

"அதுக்குத்தான் கேக்கிறன்," என்றார் யோகன். அந்தப் பதிலில் எந்த அர்த்தமும் இல்லை. ஆனால் சொன்ன விதத்தில் அர்த்தம் இருப்பதுபோலத் தெரிந்தது. முப்பது வருசம் துறைமுகத்தில் இழுவைப்படகின் எஞ்சின் அறையில் வேலை செய்தவர். எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கதைத்துப் பழகியதால், அவர் எதைச் சொன்னாலும் கட்டளை மாதிரித்தான் கேட்கும். கேட்பவர்கள் அர்த்தத்தைத் தாங்களே போட்டுக்கொள்வார்கள்.

எங்கள் ஊர் ஆம்பிளைகளுக்குக் கியரில் ஒரு பக்தி உண்டு. ஒட்டோமற்றிக் என்றால் பொம்பிளைகளின் வாகனம், கியர் என்றால் வீரம். ஒரு தடியை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டுவதில் என்ன வீரம் என்று நான் கேட்டிருக்கிறேன். "உமக்கு விளங்காது" என்பதுதான் எல்லோரும் சொன்ன பதில்.

மாஸ்டரின் கால்

என்னிடம் லைசன்ஸ் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. கியர் வாகனத்துக்கான லைசன்ஸ்தான். அதை எடுத்த கதையைச் சொன்னால், அதைத் தந்த மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு வெட்கம். எனக்கு வெட்கமில்லை.

ஓட்டப் பழக்கிய மாஸ்டரின் வானில் இரண்டு கிளச் இருந்தது. ஒன்று என் பக்கம், மற்றது மாஸ்டர் பக்கம். மாஸ்டருக்கு வான் மேல் உயிர். அதன் எஞ்சின் எந்தப் பெண்ணின் காலாலும் கஷ்டப்படக்கூடாது என்று, மூன்று மாதமும் தன் கிளச்சைத் தானே மிதித்தார். நான் என் கிளச்சை மிதித்தேனா விட்டேனா என்பது அந்த வானுக்குத் தெரியாது.

பரீட்சை நாளிலும் மாஸ்டர் பக்கத்தில் இருந்தார். பரீட்சகர் பின் சீற்றில் இருந்து ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். இறங்கும்போது, "மிஸ் மிச்சம் மெதுவா கியர் மாத்துறா, நல்லது" என்றார். மாஸ்டர் அடக்கமாகச் சிரித்தார். அந்த லைசன்சில் இருக்கிற முகம் என்னுடையது. கால் மாஸ்டருடையது.

அடுத்த வருசமே ஒட்டோமற்றிக் காருக்கு மாறினேன். பிறகு அந்தக் காலை நான் தேடவேயில்லை.

ஆலோசனைக்காரர்

புதுக் காரை முதல் இரண்டு கிழமை, பதினாலு நாளும், யோகன்தான் ஓட்டினார். காலையில் துடைப்பார். என்னை ஏற்றிக்கொண்டு கோட்டைக்குள் போவார், கோணேசர் மலை ஏற்றத்தில் வேண்டுமென்றே நிறுத்தி மறுபடி எடுப்பார். கார் ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகாது. என்னை ஒரு முறை திரும்பிப் பார்ப்பார். அறுபத்திமூன்று வயது மனிதர்.

மூன்றாம் கிழமை ஒரு காலை, சாவியை என் கையில் வைத்தார்.

"இனி நீர் ஓட்டும். உமக்குத்தான் பழக்கம் வேணும்."

"உங்கட கார் எண்டீங்கள்?"

"முழங்கால் நோகுது. நான் பக்கத்தில இருந்து சொல்லித் தாறன்."

அன்றிலிருந்து நான் படித்தேன். எப்படிப் படித்தேன் என்று விரிவாக எழுத விருப்பமில்லை. உட்துறைமுக வீதியில், கடலைப் பார்த்துக்கொண்டு சோளம் தின்கிற சனத்துக்கு முன்னால், மூன்றாம் கியருக்குப் பதிலாக முதலாம் கியரைப் போட்டேன். கார் அலறியது. ஒரு சின்னப் பிள்ளையும் சேர்ந்து அலறியது. வங்கிக்கு முன்னால் ரிவர்ஸ் என்று நினைத்து வேறொன்றைப் போட்டு, முன்னால் நின்ற சைக்கிள்களை வரிசையாகச் சாய்த்தேன்.

நூர்ந்த காரைப் போல ஆலோசனைக்காரரைக் கூட்டுகிற பொருள் உலகத்தில் வேறில்லை. முன்வீட்டு ஓய்வுபெற்ற கந்தோர் கிளாக்கர், வாழ்நாளில் சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓட்டாதவர், மதிலுக்கு மேலால் எட்டி, "கால்ல இல்ல தங்கச்சி, மனசிலதான் கிளச்" என்றார். எங்கள் பள்ளிக்கூட அதிபர், "பயத்தை வெளியில விட்டிட்டுக் காருக்க ஏறுங்கோ மிஸ்" என்றார். அவர் வீட்டுக் காரை ஓட்டுவது அவருடைய மனைவி. உருப்படியாகச் சொன்னது நஸீர் ஒருவர்தான். அவரும் சொல்லிவிட்டுத் தன் ஓட்டோவுக்குள் போய் இருந்துவிடுவார், நின்று ரசிக்கமாட்டார்.

யோகன் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டேயிருந்தார். எஞ்சின் சத்தத்தை வைத்துச் சொல்வார். "ரெண்டு போடும். கேக்கேல்லையே, அது அழுகுது. மூண்டு போடும். இப்ப தூங்குது." றோட்டைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. முன்னால் மாடு நிற்கிறது, மான் குறுக்கே போகிறது, பஸ் திரும்புகிறது, எதுவும் சொல்லமாட்டார். கியர், கியர், கியர். இவ்வளவு அகங்காரமா ஒரு மனிதனுக்கு என்று நினைத்தேன்.

சல்லிக்குப் போன நாள்

யோகனின் தங்கை சல்லி என்கிற கடற்கரைக் கிராமத்தில் இருக்கிறா. அம்மன் கோயிலில் அவவின் வீட்டுப் பொங்கல். சனிக்கிழமை பின்னேரம் புறப்பட்டோம். சாம்பல்தீவுப் பாலம் தாண்டும்வரைக்கும் நான் ஒருமுறையும் நூர்க்கவில்லை. அதை வாய்விட்டும் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது.

சல்லிக்குத் திரும்பும் றோட்டில் மணல் ஏறிக் கிடந்தது. இரண்டு பக்கமும் வலைகளில் கருவாடு காய்ந்தது. மணலில் கார் ஒரு முறை நூர்ந்தது. எடுத்தேன். மறுபடி நூர்ந்தது. மூன்றாம் முறை நூர்ந்தபோது யோகன் கதவைத் திறந்தார்.

"இறங்கும்."

"முழங்கால் நோ எண்டீங்கள்?"

"இறங்கும் எண்டனான். பொங்கல் முடியமுதல் போய்ச் சேருவம்."

இறங்கி இடப்பக்கம் வந்து ஏறினேன். அவர் கியரில் கை வைத்தார். எதை எப்போது மிதித்தார், எதை விட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. கார் மணலில் இருந்து எழும்பிப் போனது. இரண்டு, மூன்று. கியர் மாறிய சத்தமே கேட்கவில்லை. ஆத்திரத்துக்கு நடுவிலும் எனக்கு ஒரு மதிப்பு வந்தது. அது எவ்வளவு நேரம் நின்றது என்றால், இருநூறு மீற்றர் தூரம்.

எங்களுக்கு முன்னால், றோட்டின் இடப்பக்கமாக, ஒரு பெண் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தா. பின் கரியரில் மீன் பேசின் கட்டியிருந்தது. கார் நேராக அவவிடம் போனது.

"சைக்கிள்," என்றேன்.

"ஓம், ஓம்," என்றார். சொல்லிக்கொண்டு இன்னும் இடப்பக்கம் இழுத்தார்.

"இஞ்சாருங்கோ, சைக்கிள்!"

ஸ்டியரிங்கை வலப்பக்கம் தள்ளிவிட்டு ஹாண்ட் பிரேக்கை இழுத்தேன். கார் மணலில் சறுக்கிக் குறுக்கே நின்றது. கண்ணாடிக்கு வெளியே சைக்கிளும் பேசினும் பறப்பது தெரிந்தது. 

அவ கேட்ட கேள்வி

இறங்கி ஓடினேன். அந்தப் பெண் வேலியோரத்தில் இருந்தா. முழங்கை உரஞ்சி இரத்தம் கசிந்தது. எழும்பி நின்று இரண்டு காலையும் உதறிப் பார்த்தா. முறிவு ஒன்றும் இல்லை. சைக்கிள் ஹாண்டில் கோணிப்போய்க் கிடந்தது. சூடை மீன்கள் மணலில் சிதறிக் கிடந்தன.

யோகன் மெதுவாக இறங்கிக் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ அவரைப் பார்த்தா.

"கண் தெரியாதா உனக்கு?"

கோபத்தில் எவரும் கேட்கிற கேள்வி. பதில் எதிர்பார்த்து யாரும் கேட்பதில்லை.

"ஓம் பிள்ளை," என்றார் யோகன். "தெரியேல்ல."

அவவுக்கு அடுத்ததாக ஏசுவதற்கு நல்ல சொற்கள் தயாராக இருந்திருக்கும். அவற்றை விட்டுவிட்டுக் கிட்ட வந்தா. இடக்கண்ணுக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தா. அவர் இமைக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினா.

"அப்ப ஏன் அக்கா, நீங்க இவர ஓட்ட விட்டனீங்க?"

முப்பது வருசமாக நான்தான் கேள்வி கேட்கிறவள். அன்றைக்கு நான் குனிந்து ஒரு சூடை மீனைப் பொறுக்கினேன்.

மூன்று பேரும் குந்தி இருந்து மீன் பொறுக்கினோம். யோகன் கையால் தடவித் தடவிப் பொறுக்கினார். காய்ந்த இலைச் சருகையும் மீன் என்று பேசினுக்குள் போட்டார். அவ அதை எடுத்து எறிந்துவிட்டு மிச்சத்தைப் பொறுக்கினா. அவவை வீடு கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "நீங்களோ, அவரோ ஓட்டுறது?" என்று கேட்டா. நான் என்றதும்தான் ஏறினா. நான் ஓட்டுவதைப் பார்த்ததில்லை அல்லவா.

அவதானிப்பு

செய்முறைக் கொப்பியில் முதல் தலைப்பு அவதானிப்பு. கண்டதை எழுது, நினைத்ததை எழுதாதே என்று எத்தனை பிள்ளைகளின் கொப்பியில் சிவப்பு மையால் எழுதியிருப்பேன்.

நான் அவதானித்தவை: தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறார். அதற்கு நான் எழுதிய முடிவு: அசட்டை. சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் சாவியைக் குத்துகிறார். முடிவு: அவசரம். பேப்பர் வாசிக்கிறேல்லை. முடிவு: உலகத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நினைப்பு. மாடு நிற்பதைச் சொல்கிறேல்லை. முடிவு: அகங்காரம்.

ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தால் அந்தக் கொப்பியை முகத்துக்கு எறிந்திருப்பேன்.

பொங்கலுக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பினோம். சாம்பல்தீவுக்குக் கிட்ட வந்ததும் நான் கேட்டேன்.

"எப்ப தொடக்கம்?"

"இடக்கண் எட்டு மாசம். வலக்கண் இப்ப கொஞ்ச நாளாப் புகை மாதிரி."

எட்டு மாதம். கார் வாங்கி நாலு மாதம். கணக்கு எனக்குக் கெதியாகவே விளங்கியது. நியூற்றலில் போட்டு ஓரமாக நிறுத்தினேன்.

"கண் போறது தெரிஞ்சுதான் கார் எடுத்தனீங்களோ?"

"ஓம்."

"தெரிஞ்சுதான் கியர் கார் எடுத்தனீங்களோ?"

அவர் மடியில் இருந்த கையைப் பார்த்தார், அல்லது பார்ப்பதுபோல வைத்திருந்தார். "கியர் எண்டு நான் ஓட்டினது துறைமுகத்துக் கந்தோர் ஜீப் மட்டும்தான், வாழ்க்கை முழுக்க. பிறகு உம்மட அந்தக் கார். எனக்கெண்டு கியர் உள்ள ஒண்டு… கொஞ்ச நாளைக்கெண்டாலும் ஓட்டிப் பாப்பம் எண்டு."

"ரெண்டு கிழமை," என்றேன்.

"ரெண்டு கிழமை," என்றார் அவரும்.

நீங்கள் இந்த இடத்தில் என் மனம் இளகியதாக வாசிக்க விரும்புவீர்கள். இளகவில்லை. இரண்டு கிழமை ஆசைக்காக என்னை நாலு மாதம் ஊருக்கு முன்னால் விக்க வைத்த மனிதர். வைத்தியரிடம் போயிருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய கண்ணை, வெட்கத்தில் பொத்தி வைத்திருந்த மனிதர். ஒரு பெண்ணை ஏற்றிக் கொல்லப் பார்த்த மனிதர். நான் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "எஞ்சின் சும்மா ஓடுது, நிப்பாட்டும்" என்றார்.

கிளினிக்

கண் வைத்தியர் ஒரு இளம் பெண். நீரிழிவு என்கிற சீனி வருத்தத்தை இத்தனை வருசம் கவனிக்காமல் விட்டதற்கு யோகனைக் குழந்தைக்கு ஏசுகிற மாதிரி ஏசினா. இடக்கண் இனி இல்லை. வலக்கண்ணை லேசர் பிடித்து, இருக்கிற அளவில் நிறுத்தி வைக்கப் பார்க்கலாம். "வாகனம் தொடவே கூடாது ஐயா," என்றா. யோகன் தலையாட்டினார். நான் வேறு ஆளாக இருந்தால் அப்போது அவரின் கையைப் பிடித்திருப்பேன். நான் ரிப்போட்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும் வழியில், சந்தியில், முதலாம் கியருக்குப் போகவேண்டிய தடி மூன்றுக்குப் போனது. கார் நூர்ந்தது. பின்னால் இருந்து ஒரு பெரிய வாகனத்தின் ஹோன், விடாமல்.

நான் எஞ்சினை எடுக்க முன்னரே யோகன் கண்ணாடியை இறக்கிவிட்டார். இடுப்புவரை வெளியே எட்டி, பின்பக்கம் பார்த்து, எஞ்சின் அறைக் குரலில் கத்தினார்.

"என்னடா அவசரம் உனக்கு? கொண்டுபோய்க் கடலுக்க விடப்போறியோ? மனுசி கியர் பழகுறா! நிண்டு வா!"

நான் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் நின்றது இராணுவத்தின் பச்சை லொறி. சாரதியின் தலைக்கு மேலால் சீருடைக்காரர் நின்றார்கள், தோளில் துவக்கு.

அப்படி ஒரு லொறியைக் கண்டால் என்ன செய்வது என்று சண்டைக் காலத்தைக் கண்ட எங்கள் வயதுக்காரருக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஓரம் கட்டு. கண்ணாடியை இறக்கு. உள் லைற்றைப் போடு. கையைத் தெரிகிற மாதிரி வை. வாயை மூடு. துறைமுக வாசல் சோதனைச்சாவடியில் யோகன் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக் காட்டிக்கொண்டு, அவருக்குத் தெரிந்த மூன்று சிங்களச் சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றதை நான் எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். ஒருநாள் வீட்டில் என்னோடு சத்தம் போட்டபோது, "உங்கட சத்தமெல்லாம் என்னோட மட்டும்தான்" என்று சொன்னேன். அவர் அன்றைக்கு எழும்பி வெளியே போனார். நான் சொன்னவற்றிலேயே மோசமானது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஹோன் நின்றுவிட்டது. லொறிச் சாரதி, என் பழைய மாணவர்களின் வயதுதான் இருக்கும், ஸ்டியரிங்கில் இருந்து உள்ளங்கையை உயர்த்தினான். சரி, சரி என்பதுபோல. பிறகு சிரித்தான்.

எஞ்சினை எடுத்தேன். முதலாம் கியர் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. கார் போனது.

யோகன் கண்ணாடியை ஏற்றிவிட்டு சேட்டுக் கொலரைச் சரிசெய்தார். "பாத்தீரே? மறுகதை இல்லை."

"ஓம்."

"எந்த பஸ் அது?"

"மூதூர் பஸ்."

"அதுதானே பாத்தன். உவங்களுக்கு இப்பிடிச் சொன்னாத்தான் விளங்கும்."

பேப்பரில் நான் எழுதுகிற இந்தத் தொடரைக் கிழமைக்குக் கிழமை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். ரசிப்பதற்கல்ல, பிழை பிடிப்பதற்காகத்தான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கிறவர். முழங்கால் நோ பொய் என்று தெரியும்படி எழுதியதற்கு இந்தக் கிழமை நிச்சயம் சண்டை வரும். வரட்டும். சந்தியில் நடந்ததை மட்டும், மூதூர் பஸ் என்றுதான் வாசிப்பேன்.